மணி காட்டாத வாட்ச்

நான் தோல் வெட்டுகிறவன். வெட்டிக்கொண்டிருந்தவன் என்றுதான் எழுத வேண்டும். தாராவியில் பை தைக்கும் கார்கானா ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். முழுத் தோலை மேசையில் விரித்து, தகர அச்சை வைத்து, கீறலும் உண்ணி கடித்த தழும்பும் படாமல் வெட்டி எடுக்க வேண்டும். முதுகுப் பக்கம் கெட்டி. வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். அதைத் தோள்வாருக்கு வைக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த படிப்பு இதுதான். பள்ளிக்கூடம் ஆறாவது வரை.

கொரோனாவின் இரண்டாவது அலையில் காய்ச்சல் வந்தது. எங்கள் சந்தில் பாதிப் பேருக்கு வந்தது. எல்லோருக்கும் போனது. எனக்கும் காய்ச்சல் போனது. அசதி போகவில்லை.

வேலை செய்த அசதி எனக்குத் தெரியும். அதில் தூக்கம் வரும், காலையில் சரியாகிவிடும். இது வேறு. இன்றைக்கு இரண்டு குடம் தண்ணீர் தூக்கினால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. நாளைக்கு, இல்லாவிட்டால் நாளை மறுநாள், எழுந்திருக்க முடியாது. உடம்பு ஈரத் தோல் மாதிரி கனக்கும். வெளிச்சம் குத்தும். சொல்ல வந்த சொல் பாதியில் காணாமல் போகும். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காதவன் மாதிரி இருக்கும்.

மனசு மட்டும் படுக்காது. அதுதான் பெரிய தொல்லை. எழுந்திரு, எழுந்திரு என்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். கூரைத் தகரத்தில் இருக்கும் ஆணிகளைப் பார்ப்பேன். புரண்டு படுப்பேன். உட்காருவேன். உட்கார்ந்தால் தலை சுற்றும். மறுபடி படுப்பேன். வெளியே யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்தச் சக்கரத்தின் சத்தம் போய் மறையும் வரை நானும் கூடவே போவேன்.

முதல் ஒரு வருடம் வேலைக்குப் போய்ப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் எங்கள் ஊர்ப் பக்கம்தான். "என்ன வே, மாமியா வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை கணக்கா சாஞ்சிக்கிட்டே இருக்கீரு?" என்பார். "சேட், இவருக்கு ஒரு தலகாணி வாங்கிப் போடும்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு நாள் தோள்வார் அச்சை வயிற்றுப் பக்கத்தில் வைத்து வெட்டிவிட்டேன். ஒரு தோல் முழுக்க. வெட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. சேட் திட்டவில்லை. "தோடா ஆராம் கரோ" என்றார், கொஞ்சம் ஓய்வெடு என்று. அந்த ஆராம் இன்னும் முடியவில்லை.

ரத்தம் பார்த்தார்கள். சர்க்கரை, தைராய்டு, நெஞ்சுப் படம், சளி எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். நார்மல் என்று எழுதிய காகிதம் சேரச் சேர வீட்டில் என் மதிப்பு குறைந்தது.

பிள்ளைகள் இரண்டு பேரும் கல்யாணமாகி ஆண்டாப் ஹில்லிலும் சான்பாடாவிலும் இருக்கிறார்கள். வீட்டில் நானும் மனைவியும்தான். அவள் மாட்டுங்காவில் மூன்று வீடுகளில் சமையல் செய்கிறாள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்.

"இன்னைக்காவது எந்திரிச்சீங்களா?"

சண்டை இல்லை. கேள்விதான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பேன்.

அவள் சமைக்கும் வீடுகளில் ஒன்றில் ஒரு மாமி. பாலக்காட்டுக்காரர்கள். அவர்கள் மகள் பி.எச்.டி. படிக்கிறாள். என்ன படிப்பு என்று என் மனைவி அதுவரை கேட்டதில்லை. ஒரு நாள் மாமியே சொல்லியிருக்கிறார். காய்ச்சல் விட்ட பிறகும் விடாத அசதி, அந்த ஆட்களின் மூளையில் என்ன மாறுகிறது என்று பார்க்கிற படிப்பாம். அப்படி ஆட்கள் வேண்டுமாம். என் மனைவி அதை என்னிடம் நாலு நாள் கழித்துத்தான் சொன்னாள். அதுவும் காய் நறுக்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

நான் போவது என்று முடிவு செய்தேன். மருந்து கிடைக்கும் என்று நினைக்கவில்லை. இது நோய் என்று யாராவது ஒருவர் அவள் காதில் விழும்படி சொன்னால் போதும் என்று இருந்தது.

மாமி வீடு மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், மூன்றாவது மாடி. ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணே கீழே இறங்கி வந்து என்னோடு படியில் உட்கார்ந்தாள்.

"ஸாரி அங்கிள். நான்தான் கீழ வந்திருக்கணும். ஆராம் ஸே. அவசரமே இல்ல."

மேலே போனதும் மாமி தண்ணீர் கொடுத்தார். "நாலு வருஷமா இதத்தான் படிச்சிண்டிருக்கா. எப்ப முடியும்னு மட்டும் கேட்டுடாதீங்கோ, சண்டைக்கு வருவா."

"அம்மா, ப்ளீஸ்."

அந்தப் பெண் ஒரு படிவத்தை இந்தியிலும் தமிழிலும் படித்துச் சொன்னாள். இதனால் எனக்குக் குணமாகாது. சர்டிபிகேட்டும் கிடையாது. வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆன்ட்டி, அதாவது என் மனைவி, பார்க்கும் வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இதை இரண்டு தடவை சொன்னாள். ஆஸ்பத்திரியில் அவளுடைய கைடு என்னைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் சேர்த்துக்கொள்வாள்.

"மூளைல என்னம்மா பாப்பீங்க?" என்று கேட்டேன்.

"கையை அழுத்துன்னு மூளை சொல்லும் இல்லையா, அங்கிள்? உங்க கைல சதை நல்லாத்தான் இருக்கு. ஆர்டர் குடுக்கற இடம் சீக்கிரம் ஓய்ஞ்சு போறதான்னு பாக்கறேன். எனக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா படிப்பே முடிஞ்சிருக்கும்."

தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். மற்றவர்கள் எல்லாம் நார்மல் என்றார்கள்.

கைடு என்று அவள் சொன்ன டாக்டர் என்னைப் பார்த்தார். காகிதங்களைப் புரட்டினார். சேர்க்கலாம் என்றார். பிறகு அவள் என் கையில் ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டினாள். வாட்ச் என்றாள். அதில் மணி தெரியவில்லை. முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. கை அசைவதை அது உள்ளே எழுதிக்கொள்ளுமாம். ஏழு நாள் கழற்றக் கூடாது. கூடவே ஒரு நோட்டு. தினமும் என்ன செய்தேன், எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுத வேண்டும்.

"தமிழ்ல எழுதட்டுமா?"

"எழுதுங்க. எனக்குப் படிக்க வராது. அம்மா படிச்சுச் சொல்லுவா."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பட்டையைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன பண்ணும்?"

"நான் எப்ப நடக்கேன், எப்ப படுக்கேன்னு எழுதிக்கிடும்."

"யாரு பாப்பாங்க?"

"அந்தப் பிள்ளதான்."

"மாமி?"

"தெரியல. பாத்தா பாப்பாங்க."

அவள் சோற்றை வடித்துவிட்டு வந்தாள். உட்காரவில்லை.

"கழட்டுங்க."

"கழட்டக் கூடாதுட்டி."

"அந்த வீட்ல நான் கரண்டி பிடிக்கேன். என் புருஷன் பொழுது விடிஞ்சதுல இருந்து அடையுற வரைக்கும் கெடையில கெடக்காருன்னு அவங்க மிஷின்ல போட்டுப் பாக்கணுமாக்கும்? நாளைக்கு எனக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்த அடுப்புல நிக்க? குடுங்க இங்க."

நான் கொடுத்துவிட்டேன். வாதாட நாலு வார்த்தை வேண்டும். அன்றைக்கு ஆஸ்பத்திரி வரை போய்வந்திருந்தேன். என்னிடம் இல்லை.

அவள் அதை வளையல்களுக்கு உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டாள். ஏழு நாளும் அவள் கையில்தான் இருந்தது. கண்காணிப்பவன் பக்கத்தில் நின்றால் கையை வேகமாக ஆட்டுவது எங்கள் கார்கானா வழக்கம். அதனால் எனக்கும் அது பெரிய தப்பாகத் தெரியவில்லை. மேற்பார்வைக்கு ஒருவன் வந்திருக்கிறான், வேலை தெரிந்தவள் போய் நிற்கிறாள், அவ்வளவுதான்.

நோட்டை மட்டும் நான் எழுதினேன். அதில் பொய் எழுத எனக்குத் தோன்றவே இல்லை. இதுவரை என்னை யாரும் எழுதச் சொன்னதில்லை. 'காலையில் படுத்திருந்தேன். மதியம் எழுந்து சோறு போட்டுக்கொண்டேன். தட்டைக் கழுவவில்லை. படுத்தேன்.' அடுத்த நாள், 'படுத்திருந்தேன். ஃபேன் சத்தம் தாங்கவில்லை. நிறுத்தினேன். வெக்கை தாங்கவில்லை. போட்டேன்.' இரண்டு வரி போதும் என்றாள். சில நாள் ஆறு வரி வந்தது. வாட்ச்சும் நோட்டும் ஒரே ஆளைப் பற்றிப் பேச வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

எட்டாம் நாள் ஸ்கேன். வாட்ச்சையும் நோட்டையும் அந்தப் பெண்ணிடம் முதலிலேயே கொடுத்துவிட்டேன். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. சட்டை மாற்றினேன். அந்த அறையில் இருந்த ஆள் என் இடுப்பைத் தடவிப் பார்த்தார்.

"சாச்சா, யே கியா ஹை?"

அரைஞாண் கயிறு. அதில் சின்ன வயதில் கட்டிய வெள்ளித் தாயத்து. கயிறு அறுந்தால் மாற்றுவோம். தாயத்து இல்லாமல் நான் இருந்ததில்லை. அவர் கத்தரிக்கோலை நீட்டினார். நானே வெட்டினேன். உடம்பில் ஏதோ ஒன்று குறைந்துபோனது மாதிரி இருந்தது. சட்டைப்பையைத் தேடினேன். அந்த உடுப்பில் பையே இல்லை. வெளியே நின்ற என் மனைவியிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் அதைத் தாலிச் சரட்டோடு சேர்த்து முடிந்துகொண்டாள்.

உள்ளே ஒரு குழாய். சத்தம் பத்துத் தையல் மிஷின் ஒரே நேரத்தில் ஓடுவது போல. எனக்கு அது பழகிய சத்தம். கையில் ஒரு ரப்பர் குமிழ் கொடுத்திருந்தார்கள். பச்சை வெளிச்சம் வந்தால் முழுப் பலத்தோடு அழுத்த வேண்டும். முதலில் அழுத்தினேன். பிறகும் அழுத்தினேன். பிறகு நான் அழுத்து என்று சொல்கிறேன், கை கேட்டும் கேட்காதது மாதிரி இருந்தது. அசையாமல் இருங்கள், அங்கிள் என்று காதில் அவள் குரல். வருடக்கணக்காக அசையாமல்தான் இருக்கிறேன். அங்கே அசையாமல் இருக்கச் சொன்னபோது காலை உதறிக்கொண்டு ஓட வேண்டும் போல இருந்தது.

வெளியே வந்ததும் படத்தைக் காட்டினாள். விரித்துப் போட்ட தோல் மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது. தழும்பைத் தேடினேன்.

"எங்கம்மா கெட்டுருக்கு?"

"ஒரு படத்துல தெரியாது, அங்கிள். உங்கள மாதிரி நிறையப் பேர், நல்லா இருக்கறவா நிறையப் பேர், ரெண்டையும் பக்கத்துல வச்சுத்தான் பாக்கணும்."

அது எனக்குப் புரிந்தது. நீளும் தோலை நீளாத தோலைத் தொட்ட கைதான் கண்டுபிடிக்கும்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் எழுந்திருக்கவில்லை. ஆறாம் நாள் போன் வந்தது. முடிந்தால் டாக்ஸியில் வாருங்கள், வண்டிக் காசு நான் தருகிறேன் என்றாள். குரல் சரியில்லை.

போனேன். அந்தப் பெண் லாப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். மாமி மடியில் என் நோட்டு. சமையலறையில் என் மனைவி தாளிக்கும் சத்தம் கேட்டது. நான் வருவது அவளுக்குத் தெரியாது.

"அங்கிள், இது வாட்ச்ல இருந்து வந்தது." திரையில் ஏழு வரிசை. ஒவ்வொரு நாளுக்கு ஒரு வரிசை. கை அசைந்த இடமெல்லாம் கறுப்புக் கோடு. கறுப்பு நெருக்கமாக, மழைக்காலத்துச் சுவர் மாதிரி இருந்தது. "இந்த ஆள் காலைல நாலே முக்காலுக்கு எழுந்திருக்கார். ராத்திரி பதினொண்ணுக்கு மேலதான் கை ஓயறது. ஆனா அம்மா உங்க நோட்டைப் படிச்சா. அதுல..."

"படுத்திருந்தேன்னு இருக்கு," என்றார் மாமி. "எல்லா நாளும்."

"ரெண்டுல ஒண்ணு பொய், அங்கிள். கைடு கேக்கறார். மேட்ச் ஆகலேன்னா உங்க ஸ்கேனையும் யூஸ் பண்ண முடியாது. ஸப் கயா, எல்லாம் போச்சு."

நோட்டு பொய் என்றால் எனக்கு ஒன்றும் இல்லை, நோயே இல்லாத பொய்யன் என்பார்கள். வாட்ச் பொய் என்றால் அதைக் கட்டியவள் பத்தடி தூரத்தில் அவர்கள் வீட்டுச் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். நான் நாற்காலி விளிம்பைப் பிடித்தேன். விட்டேன். மறுபடி பிடித்தேன்.

"எதுவானாலும் சொல்லுங்கோ," என்றார் மாமி. "இவ ரெண்டு நாளா தூங்கலை."

"நோட்டு நெசம்," என்றேன். "வாட்ச்ச நான் கட்டல."

"அப்ப யாரு?"

சமையலறைச் சத்தம் நின்றது. கையில் கரண்டியோடு அவள் வாசலில் நின்றாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்த பார்வை, இங்கே எதற்கு வந்தீர்கள் என்பதுதான்.

"நாந்தான் மாமி கட்டினேன்."

மாமி எழுந்துவிட்டார். "எங்காத்துலயேவா? வளையலுக்குள்ள கறுப்பா என்னதுன்னு நான் கேட்டேனே! ரப்பர் பேண்டுன்னேளே!"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, ஏன்?"

"படுத்துக் கெடக்கறத மிஷின்ல காட்டுவாங்களா பாப்பா? நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"எனக்கு அதுதான் வேணும், ஆன்ட்டி. இவர் படுத்திருக்கறதுதான் என் படிப்பே."

"படுத்துக் கெடக்கறதப் போயி யாராவது படிப்பாங்களா?" என்றாள் என் மனைவி. அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலே முக்கால், தண்ணீர் பிடிக்கும் நேரம். அந்த உயரமான கோடுகள் மாடிப்படிகளாக இருக்க வேண்டும். ஒரு நாளில் மூன்று இடத்தில் அப்படி இருந்தது. இருபத்தெட்டு வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறோம். அவள் நாளை நான் பார்த்ததில்லை.

"இதுல இவ உக்காந்தது எங்க இருக்கும்மா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் தேடினாள். பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்றரை மணிப் பக்கம் சின்ன வெள்ளை.

"இங்க. இருபது நிமிஷம்."

என் மனைவி குனிந்து பார்த்தாள். "அது பஸ்ஸு. நின்னுக்கிட்டுதான் வந்தேன். கம்பியப் பிடிச்சிருந்தேன், அதான் கை ஆடல."

மாமி உள்ளே போய் அடுப்பை அணைத்தார்.

கைடு ஒத்துக்கொண்டார். ஸ்கேனில் இருந்தது என் தலைதானே. ஆனால் ஏழு நாள் மறுபடி கட்ட வேண்டும். இந்தத் தடவை என் மனைவியே என் கையில் கட்டினாள். ஒரு துளை கூடுதலாக இறுக்கினாள். வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு நாள் போனது. வெள்ளையாகவே போய்க்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். தாங்கவில்லை. அவளுடைய வரிசைகள் கண்ணிலேயே இருந்தன. மூன்றாம் நாள் கொஞ்சம் தெம்பாக இருந்த மாதிரி இருந்தது. எழுந்து சட்டை போட்டுக்கொண்டு தொண்ணூறு அடி ரோடு வரை நடந்தேன். டீ குடித்தேன். கார்கானா வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் அவள் வந்தபோது உட்கார்ந்திருந்தேன்.

"டீ குடிக்கப் போனேன்," என்றேன்.

"பாத்தீங்களா! மனசு வச்சா முடியுதுல்லா!"

அடுத்த நாளும் பரவாயில்லை. அதற்கு அடுத்த நாள் விழுந்தேன். கழிப்பிடத்துக்குப் போக அவள் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவளுக்குக் கோபம் என்று தெரிந்தது. டீக்கும் இதற்கும் அவள் முடிச்சுப் போடவில்லை. நான் எத்தனையோ தடவை சொன்னதுதான். இரண்டு நாள் கழித்து வரும் நோயை யார் நம்புவார்கள்?

எட்டாம் நாள் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கே வந்தாள். என்னால் அங்கே போக முடியவில்லை. வாட்ச்சை லாப்டாப்பில் மாட்டினாள். ஏழு வரிசை வந்தது. என் மனைவி எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தாள்.

வெள்ளை. வெள்ளை. மூன்றாம் நாளில் ஒரு கை அகலம் கறுப்பு. நாலாம் நாள் சிறு கோடுகள். ஐந்து, ஆறு, ஏழு சுத்த வெள்ளை. முதல் இரண்டு நாளில் இருந்த கோடுகூட இல்லை.

"இந்தக் கறுப்பு என்னது, பாப்பா?"

"நோட்டுல என்ன இருக்கு, அங்கிள்?"

நான் படித்தேன். "தொண்ணூறு அடி ரோடு வரை நடந்தேன். டீ குடித்தேன்."

என் மனைவி விரலை அந்தக் கறுப்பில் வைத்தாள். பிறகு வெள்ளையில் வைத்தாள். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று நகர்த்தினாள்.

"ஒரு டீக்கா?" என்றாள்.

"ஆமா, ஆன்ட்டி. இவாளுக்கு இப்படித்தான். ஒருத்தர வச்சு நான் எதுவும் சொல்ல முடியாது. ஆனா இதத்தான் நான் தேடிண்டிருக்கேன்."

என் மனைவி எழுந்து போய் அந்தப் பெண்ணுக்கு எலுமிச்சை ஜூஸ் போட்டாள். சர்க்கரை டப்பாவைத் திறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

அந்தப் பெண் கிளம்பும்போது இரண்டு காகிதம் கொடுத்தாள். ஒன்று என்னுடைய ஏழு நாள். இன்னொன்று என் மனைவியுடையது. "இத நான் யூஸ் பண்ண முடியாது. நீங்களே வச்சுக்கோங்க, ஆன்ட்டி." அவளுடைய படிப்பில் என் பெயர் வராது. ஒரு நம்பராக வருவேன். எப்போது முடியும் என்று நான் கேட்கவில்லை.

குணம் ஆகவில்லை. இப்போதும் படுத்துத்தான் இருக்கிறேன். நோட்டை அந்தப் பெண் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேறு நோட்டு வாங்கி இதை எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்.

என்னுடைய காகிதத்தை என் மனைவி எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியாது. அவளுடைய காகிதத்தைச் சுவரில், தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன். மனசு ஓட ஆரம்பித்தால் அதைப் பார்ப்பேன். போனில் மணி பார்ப்பேன். பதினொன்று பத்து. இப்போது இரண்டாவது வீட்டுப் படியில் ஏறிக்கொண்டிருப்பாள். மூன்றரை. பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பாள். இடம் கிடைத்திருந்தால் நல்லது.

நேற்று வந்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"படுத்திருந்தீங்களா?"

"ஆமா."

"சரி," என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உலை வைக்க இன்னும் நேரம் இருந்தது.